எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்

அத்தியாயம் 14

கட்டிலை விட்டிறங்கி வலது காலை ஊன்றியதும் குதியில் ஆணி ஏறியது. லூர்தம்மா அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முதல் சில அடிகள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு குளியலறைவரை போய்விட்டால் பிறகு சமாளிக்கலாம். சப்பாத்துக்குள் வைக்கச் சொல்லி டொக்டர் மெத்தென்ற துண்டு ஒன்று தந்திருக்கிறார். முதியோர் இல்லத்துக் குசினியின் ஈரத் தரையில் இத்தனை வருடம் நின்று தேய்ந்த காலை அந்தத் துண்டு என்ன தூக்கியா நிறுத்தும்?

இன்று ஞாயிறு. வேலை இல்லை. காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கலாம். ஆனால் படுக்க விடுகிற நாள் இல்லை இது.

மகன் றெக்ஸ் ஓர் இந்தோனேசியப் பிள்ளையை விரும்புகிறான் என்ற செய்தி வீட்டுக்குள் வந்து விழுந்ததையும், லூர்தம்மா ஒரு கிழமை அவனோடு கதையாமல் இருந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதையாமல் இருந்தவள், அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்ததும் வாயடைத்துப் போனாள். யாஸிந்தா! தான் வேலை செய்யும் அதே இல்லத்தில் முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்கிறவள். லூர்தம்மா சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டால் ஓடிவந்து கதவைப் பிடிக்கிறவள். போன மார்கழியில் பனி கொட்டி டிராம் நின்றுபோன ஒரு நாள், "தம்பி, பாவம், இந்தப் பிள்ளையை வீட்டில இறக்கிவிட்டிட்டு வா" என்று மகனின் காரில் ஏற்றிவிட்டதே லூர்தம்மாதான். இனி ஆரை நோவது?

பிள்ளை வேதக்காரி என்றதும் கணவர் பேனாட்டுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. புளோரஸ் என்றொரு தீவாம். அங்கும் போர்த்துக்கீசர் வந்துதான் ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். பெரிய வெள்ளிக்கு மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே நடக்குமாம்.

"எங்கட சனம்தான் லூர்து," என்றார் பேனாட். "கப்பல் கொஞ்சம் கிழக்கால போட்டுது. அவ்வளவுதான்."

இன்று மத்தியானம் அந்தச் சனத்தோடு பேச்சு. பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டார். இருந்திருந்தாலும் அவர் சொல் எடுபடாதாம். அந்தப் பக்கத்தில் தாய்மாமன் ஓமென்றால்தான் கலியாணம். தாய்மாமன் ஒரு மணிக்கு வீடியோவில் வருவார். யாஸிந்தாவும் தோழிகளும் குடியிருக்கும் வீட்டில் சாப்பாடு, பிறகு பேச்சு.

பேனாட் காலை எட்டு மணிக்கே சேட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். ரப்பர் தொழிற்சாலையில் மெஷின் கடித்து அரை விரல் போன இடது கையைப் பின்னால் கட்டியிருந்தார். நல்ல காரியத்துக்குப் போகும்போது அந்தக் கையை அவர் வெளியே விடுவதில்லை.

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். உங்கட பிள்ளையை மட்டும் தாங்கோ." கண்ணாடியைப் பார்த்து ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார். "எப்பிடி?"

"விடியத் துவங்கினதில இருந்து இதைத்தானே சொல்லுறியள்."

"ஹனோவரில ஆம்பிளைப் பிள்ளையைப் பெத்த எந்தத் தகப்பன் இப்பிடிச் சொன்னவன்? மகேந்திரராஜா சொன்னவனோ? மோன்ர கலியாணத்தோட தனக்கும் ஒரு கார் வாங்கினவன்."

"ஓமோம். உங்களுக்கொரு சுரூபம் வைப்பம். ரையைச் சரியாக் கட்டுங்கோ, நாக்கு வெளிய விழுந்த மாதிரிக் கிடக்கு."

சீதனம் வேண்டாம் என்பதில் லூர்தம்மாவுக்கும் மறுப்பில்லை. அவளுடைய ஆசை வேறு. நகரத்துக்கு வெளியே ஒரு துருக்கிக்காரரின் கலியாண மண்டபம் இருக்கிறது. ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெறுமையாக இருக்கிறதாம். நாளைக்குள் சொன்னால் தருவேன் என்றிருக்கிறார். முப்பத்தைந்து வருடமாக ஊரார் கலியாணம் எல்லாவற்றுக்கும் போய், நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு, வலிக்கிற காலோடு வரிசையில் நின்று, மேடையில் ஏறிப் படம் எடுத்துவிட்டு இறங்கியவள் அவள். ஒரு நாள், ஒரேயொரு நாள், அந்த மேடையில் தான் நிற்கவேண்டும். மற்றவர்கள் வரிசையில் வரவேண்டும்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சின்னத்தனமாக இருக்கும். சின்னத்தனம்தான். அதற்கு என்ன செய்ய?

*

பிள்ளைகளின் வீடு நாலாம் மாடி. லிப்ட் இல்லை. ஒவ்வொரு படிக்கும் குதி குத்தியது. றெக்ஸ் கையைக் கொடுத்தான். லூர்தம்மா பிடிக்கவில்லை.

"அம்மா, இன்னும் கோவமே?"

"கோவமெண்டா இவ்வளவு படி ஏறுவனே, மடையா?"

வாசலுக்கு வெளியே சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. கதவு திறந்ததும் வந்த மணத்தில் லூர்தம்மா ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டாள். நெத்தலிக் கருவாடும் மிளகாயும் பொரிகிற மணம். ஹனோவர் நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை, நாலாம் மாடியில்!

மூன்று அறைகளில் ஆறு பிள்ளைகள். எல்லாரும் தாதிக்கும் முதியோர் பராமரிப்புக்கும் படிக்கிறவர்கள். சுவரில் துணி காய்ந்தது. யன்னலோரம் மிளகாய்ச் செடி ஒன்று பூத்திருந்தது. மேசை இல்லை. நிலத்தில் பாயை விரித்து, ஆசியக் கடையில் உறைய வைத்து விற்கும் வாழையிலையைச் சுடுநீரில் வாட்டி நீளத்துக்குப் போட்டு, சோற்றை நடுவில் மலைபோலக் குவித்திருந்தார்கள். பக்கத்தில் கருவாடு, முட்டை, பயிற்றங்காய், செக்கச்செவேலென்று சம்பல். அவர்களும் அதைச் சம்பல் என்றுதான் சொன்னார்கள்.

யாஸிந்தா குட்டையானவள். உருண்டை முகம். சிரித்தால் கண் காணாமல் போய்விடும். இன்று அவள் சிரிக்கவில்லை. "தாந்தே, இப்படி இருங்கள், காலை நீட்டலாம்," என்று சுவரோரம் தலையணை போட்டாள். தாந்தே என்றால் மாமி. ஜேர்மன்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள், இந்தோனேசியரும் அப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த உடைந்த ஜேர்மன் மொழியில்தான் அன்று முழுக்கப் பேச்சு நடந்தது.

தலையில் துணி கட்டிய புத்ரி என்ற பிள்ளை உள்ளறையில் தொழுதுவிட்டு வந்தாள். அவள் வந்து உட்காரும்வரை காத்திருந்து, மற்றவர்கள் சிலுவை போட்டுச் செபம் சொன்னார்கள். புத்ரி கையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். "பன்றி இந்த வீட்டுக்குள் வராது, தாந்தே," என்றாள் யாஸிந்தா. "புத்ரிக்காக. எங்களுக்கு ஆசை வந்தால் வெளியில் போய்ச் சாப்பிடுவோம்."

"களவாக," என்றாள் புத்ரி. எல்லாரும் சிரித்தார்கள்.

கையால் சாப்பிட்டார்கள். ஓர் இலையில் இத்தனை கை. லூர்தம்மாவுக்குக் கண் கலங்கியது. காரத்தால் என்று பேனாட் நினைத்துத் தண்ணீர் நீட்டினார்.

காரமில்லை. எண்பத்தாறாம் ஆண்டு. கிழக்கு பெர்லினில் இறங்கி, எல்லை கடந்து, இந்த நகரத்துக்கு வெளியே பழைய பட்டாளக் கட்டிடம் ஒன்றில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு அறைகளில் பதினொரு பேர். அடுப்பு ஒன்று. சுவரில் இப்படியே துணி காயும். அந்தப் பதினொரு பேரில் ஒருவனான சில்வெஸ்டர் எங்கிருந்தோ வேண்டிவந்த கசற்றில் பாட்டுப் போகும். பேனாட் வெங்காயம் வெட்டுவார். அப்போது அவருக்கு எல்லா விரலும் இருந்தது. கருவாடு பொரித்த அன்று கட்டிடத்தைப் பார்க்கும் ஹவுஸ்மைஸ்டர், யாரோ செத்து நாறுகிறார்கள் என்று பொலிசைக் கூப்பிட்டார். வந்த பொலிசுக்காரனுக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். தின்றான்! சிரித்துச் சிரித்து அன்று வயிறு நொந்தது. பசி இருந்தது. பயம் இருந்தது. நாளைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடித்தது. அவ்வளவு இருந்தும், அப்படியொரு சிரிப்பை அதற்குப் பிறகு வாங்கிய எந்த வீட்டிலும், எந்த சோபாவிலும் அவள் சிரிக்கவில்லை.

"உனக்குக் கலியாணம் எப்ப?" என்று புத்ரியைக் கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிள்ளைகள் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள்.

"தாந்தே, நீங்கள் அசல் இந்தோனேசியப் பெண்தான்!" என்றாள் புத்ரி. "பெருநாளுக்கு நாங்கள் ஊருக்குப் போகப் பயப்படுவதே இந்தக் கேள்விக்காகத்தான். அத்தைமார் வரிசையில் நின்று கேட்பார்கள்."

"நீ என்ன சொல்லுவாய்?"

"முப்பதில் என்பேன். முப்பது வந்தால் முப்பத்தைந்து என்பேன். இவளைக் கேளுங்கள். இவள் மாப்பிள்ளைக்கு மோதிரத்தைப் பார்சலில் திருப்பி அனுப்பியவள்."

கண்ணாடி போட்ட பிள்ளை ஒருத்தி தோளைக் குலுக்கினாள். "திரும்பி வா, வீட்டில் இரு என்றான். எனக்குப் பிள்ளைகளும் வேண்டாம். வயதானவர்களைக் கழுவித் துடைப்பதே போதும்."

பேனாட் சிலுவை போட்டுக்கொண்டார். றெக்ஸ் தகப்பனின் முழங்காலைத் தட்டினான்.

"ஊரில் எங்கள் வயதுக்காரர் எல்லாரும் இப்போது போனில் எழுதுவது ஒன்றுதான்," என்றாள் புத்ரி. "முதலில் கிளம்பு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். படித்தாலும் வேலை இல்லை. வேலை இருந்தாலும் அதில் வாழ முடியாது. அதனால் கிளம்பினோம்."

"நாங்களும் அப்பிடித்தான் வெளிக்கிட்டனாங்கள்," என்றாள் லூர்தம்மா. "எங்களைப் பின்னால நிண்டு சுட்டாங்கள்."

புத்ரி ஒரு பெரிய கருவாட்டுத் துண்டைத் தேடி எடுத்து லூர்தம்மாவின் பக்கம் வைத்தாள்.

கிளம்பியும் தப்பவில்லை என்பது மெல்ல மெல்ல வெளிவந்தது. ஒருத்தி தகப்பனின் மருந்துக்கு அனுப்புகிறாள். ஒருத்தி தங்கையின் படிப்புக்கு. தங்களைத் தாங்களே சண்ட்விச் தலைமுறை என்கிறார்கள். மேலே தாய் தகப்பன், கீழே தம்பி தங்கை, நடுவில் நசிபடுகிறவர்கள். அதைச் சொல்லியும் சிரிக்கிறார்கள். மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் எல்லாருமாக ஒரு கோப்பிக் கடைக்குப் போய் விலை கூடிய கோப்பி ஒன்று குடித்துப் படம் எடுத்துப் போடுவார்களாம். அந்த ஒன்று தங்களுக்கு.

தான் ரயில் நிலையத்துக் கக்கூஸ் கழுவிய நாட்களில் தனக்கென்று ஒரு கோப்பி குடித்தாளா என்று லூர்தம்மா யோசித்துப் பார்த்தாள். குடித்ததாக ஞாபகம் இல்லை.

*

ஒரு மணிக்குப் போனை ஒரு பானைக்குச் சாத்தி நிறுத்தினார்கள். அங்கே இரவு. வெள்ளைச் சேட்டுப் போட்ட, நரைத்த சுருட்டை முடிக்காரர் ஒருவர் நடுவில் கதிரையில் இருந்தார். அவர்தான் தாய்மாமன். அவருக்குப் பின்னால் ஆண்கள் வரிசையாக. எல்லாருக்கும் பின்னால், கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு மெலிந்த பெண் நின்றாள்.

"அது ஆர்?" என்று லூர்தம்மா காதுக்குள் கேட்டாள்.

"அம்மா."

"ஏன் வாசலில நிக்கிறா?"

யாஸிந்தா கேட்காதவள் போலப் போனை நிமிர்த்தி வைத்தாள்.

பேனாட் தொண்டையைச் செருமினார். வணக்கம் சொன்னார். மாதாவைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். அங்கே தலைகள் ஆடின. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, காலையில் இருந்து பழகிய வசனத்தை எடுத்து விட்டார்.

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். உங்கட பிள்ளையை மட்டும் தாங்கோ. நாங்கள் ஒண்டும் எதிர்பாக்கேல்லை. ஒரு குடுக்கல் வாங்கலும் வேண்டாம்."

யாஸிந்தா மொழிபெயர்க்கவில்லை. தாய்மாமன் ஏதோ கேட்டார். அவள் குனிந்துகொண்டு இரண்டே சொல்லில் சொன்னாள்.

போனுக்குள் யாரும் அசையவில்லை. பேனாட் இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனுக்குக் கிட்டப் போனார்.

"ஒண்டும் வேண்டாம்!" என்று கத்தினார். "நிக்ஸ்! நிக்ஸ்!" இரண்டு கையையும் வெறுங்கையாக விரித்துக் காட்டினார். ஒளித்து வைத்த அரை விரலும் வெளியே வந்தது.

தாய்மாமன் எழுந்து நின்றார். பின்னால் இருந்த ஆண்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் காறித் துப்புவது கேட்டது. பிறகு திரை கறுத்தது.

"என்ன நடந்தது? நெட் போட்டுதோ?" என்றார் பேனாட், இன்னும் சிரித்த முகத்தோடு.

புத்ரி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். யாஸிந்தா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள்.

"எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார்தான் கொடுக்க வேண்டும். பெண்ணின் அண்ணன்மாருக்கும் தாய்மாமனுக்கும். குடுக்கல் வாங்கல் ஒன்றும் வேண்டாம் என்றால், இந்தப் பெண்ணுக்குப் பெறுமதி இல்லை, சும்மா கூட்டிக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம்."

பேனாட்டின் சிரிப்பு மெல்ல விழுந்தது. "அப்ப நான்..."

"மூண்டு தரம் சொன்னீங்கள் அப்பா," என்றான் றெக்ஸ். "கடைசியாக் கையையும் விரிச்சுக் காட்டினீங்கள்."

"என்ன குடுக்கவேணும்?" என்று லூர்தம்மா கேட்டாள்.

"யானைத் தந்தம்."

"என்ன?"

"முழுத் தந்தம். பழங்காலத்தில் கப்பலில் வந்தவை. புதிதாக யாரும் வாங்குவதில்லை. ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இல்லாத வீட்டார் இருக்கிற வீட்டாரிடம் விலை பேசி எடுக்க வேண்டும். வீட்டை விற்று எடுத்தவர்களும் இருக்கிறார்கள்."

பேனாட் எழுந்து யன்னலடிக்குப் போனார். "நான் யானைக் கொம்புக்கு எங்க போவன்? ஹனோவர் மிருகக்காட்சிசாலையில யானை நிக்குது. போய்க் கேக்கட்டோ?"

"தந்தம் வாங்கினா சுங்கக்காரன் பிடிச்சு உள்ள போடுவான், அப்பா."

"சீதனம் வேண்டாமெண்டு சொன்ன ஒரே தகப்பன் நான்! என்னைப் பாத்துத் துப்பிறாங்கள்!"

லூர்தம்மாவுக்கு வந்த கோபம் அவளையே திடுக்கிட வைத்தது. என்ர பிள்ளைக்கு என்ன குறை, மெக்கட்ரோனிக் படிச்ச பெடியன், நாங்கள் குடுக்கிறதோ? வாய்வரை வந்துவிட்டது. இத்தனை நாளும் ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன வாயின் அடியில் இப்படியொன்று கிடந்திருக்கிறது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லலாம், கேட்கிற உரிமை தங்களிடம் இருக்கும்வரை.

"எனக்கு அந்தத் தந்தம் வேண்டாம்," என்று யாஸிந்தா எழுந்தாள். "என்னை எதற்கும் ஈடாகக் கொடுக்க வேண்டாம் என்று மாமாவுக்கு முன்னமே எழுதிவிட்டேன். பெரிய கலியாணமும் வேண்டாம். ஸ்டாண்டஸ்அம்ட் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, கோவிலில் ஒரு பூசை, இருபது பேர். அவ்வளவு போதும் தாந்தே."

"என் அக்கா சப்பாத்துப் போட்டபடியே கையெழுத்து வைத்தாள்," என்றாள் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்த புத்ரி. "பிறகு நூடில்ஸ் சாப்பிட்டார்கள். இப்போது எங்கள் பக்கத்தில் அதுதான் கெட்டித்தனம்."

றெக்ஸ் தாயைப் பார்த்தான். மண்டபத்துக்காரர் நாளைக்குப் பதில் கேட்டிருப்பது அவனுக்கும் தெரியும்.

"சின்னக் கலியாணம் எண்டா என்னெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை," என்றாள் லூர்தம்மா. "நான் கட்டினது அதுதான். கன்னியாஸ்திரிமாரிட்ட இரவல் வாங்கின பானையில சோறு. சில்வெஸ்டரின்ர மோதிரத்தைக் கழட்டி என்ர விரலில போட்டு, பின்னேரம் திருப்பிக் குடுத்தனாங்கள். தாயில்லை, தகப்பனில்லை, ஒரு சொந்தமில்லை. நீங்கள் விளையாட்டுக்குக் கேக்கிறதை நான் வழியில்லாமல் செய்தனான்."

சொல்லிவிட்டுக் கழுவாத தட்டுகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். கோபம் வந்தால் அவளுக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். வலிக்கிற காலோடு நின்று, சூடான தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

*

யாஸிந்தா பின்னால் வந்து துடைக்கும் துணியை எடுத்தாள். புத்ரி நைசாக வெளியேறினாள். லூர்தம்மா கழுவினாள், யாஸிந்தா துடைத்தாள். வேலைத்தலத்தில் இப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறார்கள்.

"விளையாட்டுக்கு இல்லை, தாந்தே."

"எனக்குக் கோவத்தில வந்திட்டுது. விடு." லூர்தம்மா ஒரு கோப்பையை நீட்டினாள். "ஒண்டு கேக்கிறன். மேலாளரோட வாய் காட்டுற ஆள் நீ. போன மாசம் பழைய பாணை நோயாளிக்குக் குடுக்க ஏலாதெண்டு சண்டை பிடிச்சனி. மாமனுக்கு முன்னால ஏன் வாய் திறக்கேல்லை? எழுதினனெண்டு சொல்லுறாய். முகத்தைப் பாத்துச் சொல்லேல்லையே?"

யாஸிந்தா துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள்.

"எல்லாரும் வீட்டுக்கு அனுப்புகினம். நீயும் அனுப்பிறாய். ஆருக்கு? உன்ர தம்பி படிப்பு முடிச்சு வேலைக்குப் போறானெண்டு நீதானே சொன்னனி."

"அம்மாவுக்காக ஒன்றை முடிக்க வேண்டும்." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அது முடியும்வரை நான் கலியாணம் கட்ட முடியாது. சின்னதோ பெரியதோ. மூன்று வருடம் ஆகலாம். கூடவும் ஆகலாம். றெக்ஸுக்கு இன்னும் சொல்லவில்லை."

லூர்தம்மா தண்ணீரை நிறுத்தினாள். மண்டபம், ஆவணி மாதம், வரிசை, மேடை. எல்லாம் அந்தக் கழுவு தொட்டிக்குள் இறங்கிப் போவது போலிருந்தது.

"அவன் காத்திருக்க மாட்டானெண்டு பயமோ?"

"காத்திருப்பான். அதுதான் பயம். நீங்கள் அவனை வேறு யாருக்கும் கட்டி வைக்கலாம். அவனுக்கு முப்பது."

"என்னது அது? தாய்க்கு வருத்தமோ?"

யாஸிந்தா தலையை ஆட்டினாள். இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த உருண்டை முகத்தில், விமான நிலையத்தில் அண்ணனின் பெயரைப் பொய்யாகச் சொன்ன தன் இருபது வயது முகம் இருந்ததை லூர்தம்மா கண்டாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய முகம்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"போனை எடு. அந்த மனுசனைத் திரும்பக் கூப்பிடு."

"அம்மா, விடுங்கோ, குவாட்ஷ், விசர் வேலை," என்றான் றெக்ஸ். "அந்தாள் கோவத்தில..."

"நீ பேசாமல் இரு. கலியாணம் பேச வந்தது நாங்கள். துப்பு வாங்கிக்கொண்டு போக ஏலாது."

நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு தாய்மாமனின் முகம் வந்தது, முன்னையை விடக் கிட்ட, முன்னையை விடக் கறுப்பாக. லூர்தம்மா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். குதி இழுத்தது. உட்கார்ந்தாள்.

"ஐயா, என்ர மனுசன் சொன்னது தப்பாப் போட்டுது. எங்கட பக்கம் பொம்பிளை வீடுதான் குடுக்கிறது. காணி, வீடு, நகை, காசு. மாப்பிள்ளை வீடு வாங்கிறது. வேண்டாமெண்டு சொல்லுறது எங்களுக்குப் பெருமை. உங்களுக்கு அது அவமானமெண்டு எங்களுக்குத் தெரியாது."

யாஸிந்தா மொழிபெயர்த்தாள். தாய்மாமன் திரும்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். அவளை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அடித்துச் சிரித்தார்கள்.

"பெண்ணையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பீர்களா என்று கேட்கிறார்," என்றாள் யாஸிந்தா. "அப்படியென்றால் உங்கள் ஊரில் பெண்பிள்ளை பெற்றவன் பாவம் என்கிறார்."

"பாவம்தான்," என்றாள் லூர்தம்மா. "நல்ல காலம், எனக்கு ஆம்பிளைப் பிள்ளையெண்டு சொல்லு."

அங்கே மறுபடியும் சிரிப்பு. பேனாட்டும் யன்னலடியில் இருந்து மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். றெக்ஸ் மூச்சு விட்டான். தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல மனிதர்கள், இனிப் பேசலாம் என்றார்.

"பேசுவம்," என்றாள் லூர்தம்மா. "அதுக்கு முதல் பிள்ளையின்ர தாய் முன்னுக்கு வந்து இருக்கட்டும். என்ர மனுசன் எனக்குப் பக்கத்தில இருக்கிறார். அவவும் உங்களுக்குப் பக்கத்தில இருக்கட்டும். நான் தாயோட கதைக்கவேணும்."

யாஸிந்தா அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். லூர்தம்மா அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினாள். மொழிபெயர்த்தாள்.

சிரிப்பு நின்றது. தாய்மாமன் தரையைப் பார்த்தார். பின்னால் இருந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினார்கள். அந்த மெலிந்த பெண் கதவு நிலையை விட்டுவிட்டு நடந்து வந்தாள். வெறுங்கால். முகத்தில் யாஸிந்தாவின் கண். யாரோ ஒரு கதிரையைத் தள்ளினார்கள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே லூர்தம்மாவைப் பார்த்து மெல்லச் சிரித்து, ஒரு வசனம் சொன்னாள். பிறகு இன்னொன்று.

யாஸிந்தா பாயைப் பார்த்துக் குனிந்தாள்.

"சொல்லு பிள்ளை."

"தாந்தே, வேண்டாம்."

"தாய் சொன்னதைச் சொல்லு."

யாஸிந்தா றெக்ஸைப் பார்த்தாள். அவன் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"'என் அண்ணன்மாரோடு நான் சரிசமமாக உட்கார முடியாது. என்னைக் கட்டியபோது யாஸிந்தாவின் அப்பா வீட்டார் எனக்காகத் தருவதாகச் சொன்ன யானைத் தந்தம் இன்னும் கொடுபடவில்லை.'"